தைப்பட்டத்துக்கு நான் விதைத்தேன், வம்பன் தோண்டிவிட்டான்: நாய்க்குட்டி இருக்கிற வீட்டில் காய்கறித் தோட்டம் போட வழி உண்டா?

சுரைக்கொடி
பிப்ரவரி 2, காலை 8.10

எல்லோருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வீடு. பின்னால் இரண்டு சென்ட் இடம் சும்மா கிடந்தது. ஆடிப்பட்டத்தைக் கோட்டை விட்டாச்சு, தையையாவது பிடிப்போம் என்று பொங்கல் முடிந்த கையோடு மண்ணைக் கொத்தி மூன்று பாத்தி எடுத்தேன். 28ஆம் தேதி ஒன்றில் வெண்டை, ஒன்றில் கொத்தவரை ஊன்றினேன். மூன்றாவதில் அரைக்கீரை தூவினேன். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் அதற்கு முன்பே குழித்தட்டில் போட்டிருந்தேன்.

அதே பொங்கலுக்குத்தான் என் கொழுந்தனார் கோவில்பட்டியிலிருந்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மூன்றரை மாதம், செவலை, உடம்பைவிடக் கால்தான் நீளம். என் மகன் வம்பன் என்று பெயர் வைத்தான். வைத்த நேரம் சரியில்லை.

இன்று காலை காபி டம்ளரோடு பின்கதவைத் திறந்தால் வெண்டைப் பாத்தி முழுக்கக் குழி. கண்டபடி பறித்திருந்தாலும் பரவாயில்லை, நான் கயிறு பிடித்து விதை ஊன்றிய அதே வரிசையில் தோண்டிக்கொண்டே போயிருக்கிறான். கொத்தவரைப் பாத்தியில் கால்தடம் மட்டும். சொட்டுநீர்க் குழாய் நாலு துண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தக்காளித் தட்டின்மேல் படுத்திருந்தான். மூக்கெல்லாம் மண். மீசையில் ஒரு வெண்டை விதை ஒட்டியிருந்தது, வெள்ளையாக முளை எட்டிப் பார்க்க. திட்ட வாய் வரவில்லை.

கட்டிப்போட மனசில்லை. தோட்டத்தையும் விட மனசில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மொட்டைமாடி_ராசா
பிப்ரவரி 2, காலை 9.02

வம்பன் 8 உளுந்து கேள்விப்பட்டிருக்கிறேன். புதுக்கோட்டை பக்கம் வம்பனில் இருக்கும் பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட ரகம். வம்பன் நாய் இப்போதுதான் கேள்விப்படுகிறேன் 😄

என் ஆலோசனை ஒன்றுதான்: தோட்டத்தை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். சென்னையில் நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஒரே ஒரு குறை, நாய்க்கும் படி ஏறத் தெரியும்.

ஈரோட்டு_மஞ்சள்
பிப்ரவரி 2, காலை 10.35

ரொம்ப யோசிக்காதீங்க அக்கா. பாத்தி ஓரமாக மிளகாய்த்தூளைத் தூவி விடுங்கள். ஒரு தடவை மூக்கில் ஏறினால் அப்புறம் அந்தப் பக்கமே வராது. எங்கள் அப்பா காலத்திலிருந்து இதுதான்.

மருந்துப்பெட்டி
பிப்ரவரி 2, காலை 11.20

மஞ்சள் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். கால்நடை மருந்தகத்தில் 22 வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மிளகாய்த்தூளால் கண் வீங்கி வந்த குட்டிகளை மேசையில் படுக்கவைத்துக் கழுவியிருக்கிறேன். மூக்கோடு நிற்காது. காலில் ஒட்டும், காலை நக்கும், அதே காலால் கண்ணைத் தேய்க்கும். நாய்க்கு மூக்குதான் உலகம், அதில் போய் நெருப்பை வைக்காதீர்கள். தவிர, ஒரு தண்ணீர் பாய்ச்சலில் தூள் கரைந்துபோகும். தினமும் தூவ மிளகாய் விற்கிற விலையில் கட்டுப்படியாகுமா?

சுரைக்கொடி அம்மா, இரண்டு கேள்வி. குட்டிக்குத் தடுப்பூசி முடிந்ததா? அந்த வெண்டை விதை ரோஸ் நிறத்தில் இருந்ததா? பூஞ்சைக்கொல்லி தடவிய விதைக்குத்தான் அப்படிச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அது வயிற்றுக்குள் போகக் கூடாது.

கரிசல்காட்டான்
பிப்ரவரி 2, மதியம் 1.15

எங்கள் ஊர்ப் பிள்ளையா! வீட்டில் இரண்டு சிப்பிப்பாறை நாயும் ஒரு கன்னி இன நாயும் வைத்திருக்கிறேன். ஒன்று புரிந்துகொள்ளுங்கள் அக்கா, இது முயல் விரட்டப் பிறந்த சாதி. வாசலில் சுருண்டு கிடக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி ஆசை தீர ஓடவிட்டுப் பாருங்கள், பாதித் தோண்டல் தானாக நின்றுவிடும். ஓடாத கால்தான் மண்ணைப் பறிக்கும்.

இன்னொன்று. நீங்கள் மண் கொத்தும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தானா? பார்த்திருந்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது, வேலை கற்றுக்கொண்டிருக்கிறான். என் கன்னி நாய் நான் கடப்பாரை எடுத்தாலே பக்கத்தில் வந்து தோண்ட ஆரம்பித்துவிடும்.

பாத்திக்காரன்
பிப்ரவரி 2, மாலை 4.40

எல்லோரும் நாயைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. வெண்டைப் பாத்தியை வரிசை பிசகாமல் தோண்டியவன் பக்கத்திலேயே இருந்த கொத்தவரையைத் தொடவில்லை. குட்டி விளையாட்டுக்குத் தோண்டினால் எல்லா இடத்திலும்தான் தோண்டும்.

அம்மா, வெண்டைப் பாத்திக்கு அடியுரம் என்ன போட்டீர்கள்?

சுரைக்கொடி
பிப்ரவரி 2, மாலை 6.05

மருந்துப்பெட்டி ஐயா, தடுப்பூசி போட்டாச்சு, வெறிநோய் ஊசி உட்பட. குடற்புழு மருந்து இந்த மாதம் கொடுக்கணும். விதை நாட்டு விதை, சாயம் இல்லை.

கரிசல் தம்பி, பார்த்தான். மூன்று நாளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். அழகாக இருக்கிறதே என்று போட்டோ வேறு எடுத்தேன்.

பாத்திக்காரன் ஐயா, மூன்று பாத்திக்கும் மாட்டுச்சாணத் தொழுவுரம். வெண்டைக்கு மட்டும் கூடுதலாக, விதை வரிசைக்குக் கீழே எலும்புத்தூளும் ஒரு கலப்புப் புண்ணாக்கும் போட்டேன். கடையில் நல்லா வரும் என்றார்கள். கொத்தவரை பயறு வகைதானே, அதற்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

பாத்திக்காரன்
பிப்ரவரி 2, மாலை 6.20

அதுதான். விருந்து வைத்து மேலே மண்ணைப் போட்டு மூடியிருக்கிறீர்கள். அவன் வெண்டையைத் தோண்டவில்லை, எலும்பைத் தேடியிருக்கிறான். மீன் அமிலம், எலும்புத்தூள், கடலைப் புண்ணாக்கு மூன்றும் நாய் மூக்குக்குச் சாப்பாட்டு வாசனைதான்.

ஆனால் என் கவலை வேறு. கலப்புப் புண்ணாக்கு என்றால் எதெல்லாம் கலந்தது? மூட்டையைப் பாருங்கள். ஆமணக்கு இருக்கிறதா? இப்போதே பாருங்கள் அம்மா.

மருந்துப்பெட்டி
பிப்ரவரி 2, மாலை 6.31

பாத்திக்காரர் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆமணக்குக் கொட்டையில் ரிசின் என்கிற விஷம் உண்டு. எண்ணெய் பிழியும்போது அது எண்ணெயோடு போகாது, சக்கையிலேயே தங்கிவிடும். அந்தச் சக்கைதான் புண்ணாக்கு. சூடு காட்டித்தான் விஷத்தை முறிப்பார்கள், ஆனால் உரத்துக்கு வரும் எல்லா மூட்டையும் சரியாகச் சூடு கண்டிருக்கும் என்று நம்ப முடியாது. எலும்புத்தூளோடு சேரும்போது நாய் ருசித்துத் தின்றுவிடும், ஆபத்தே அங்கேதான்.

தின்ற உடனே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து, சிலதுக்கு மறுநாள்தான் வாந்தி, பேதி, ரத்தக் கழிச்சல் ஆரம்பிக்கும். மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் போனால் வயிற்றைச் சுத்தம் செய்து குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றலாம். வீட்டில் உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அதுவே தனி ஆபத்து. மூட்டைச் சீட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

சுரைக்கொடி
பிப்ரவரி 2, மாலை 6.44

வேம்பு, புங்கன், ஆமணக்கு என்று போட்டிருக்கிறது. கிளம்புகிறோம்.

மொட்டைமாடி_ராசா
பிப்ரவரி 2, இரவு 10.15

அக்கா, என்ன ஆச்சு? காலையில் விளையாட்டாகப் பேசிவிட்டேன், சங்கடமாக இருக்கிறது.

வடமராட்சி
பிப்ரவரி 3, காலை 6.50

வாசிச்சு முடிய நித்திரை வரேல்லை. குட்டி எப்பிடி இருக்கு எண்டு ஒரு சொல் போடுங்கோ அக்கா.

சுரைக்கொடி
பிப்ரவரி 3, மதியம் 2.30

இருக்கிறான். இப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

போகிற வழியிலேயே வண்டியில் இரண்டு தடவை வாந்தி. உள்ளே எலும்புத்தூளும் மண்ணும் நிறைய, புண்ணாக்கு கொஞ்சம்தான் என்றார் டாக்டர். ராத்திரி முழுக்க டிரிப் ஏறியது. முன்காலில் மயிரை மழித்து ஊசி குத்திப் பிளாஸ்திரி போட்டிருந்தார்கள், அதைக் கடிக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விடிகாலை நாலரைக்குப் பிளாஸ்திரியைக் கடித்தான். நான் அழுதுவிட்டேன்.

இன்னும் இரண்டு நாள் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தயிர்சாதம்கூட வேண்டாம், அரிசிக் கஞ்சி மட்டும். பாத்திக்காரன் ஐயா, நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால்... வேண்டாம், அதை நினைக்க வேண்டாம்.

பாத்திக்காரன்
பிப்ரவரி 3, மதியம் 3.05

நல்லபடியாக வந்தானே, அது போதும். முதல் வேலையாக அந்தப் பாத்தியின் மண்ணை முக்கால் அடி ஆழத்துக்கு வாரி, அவன் வாய் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். மூட்டையையும் வீட்டில் வைக்க வேண்டாம், நாய் இல்லாத யாராவது விவசாயியிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். இனிமேல் நன்றாக மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் போதும். கடலைப் புண்ணாக்கும் வேண்டாம், பூஞ்சை பிடித்த கடலையில் வரும் நஞ்சு நாயின் ஈரலை அடித்துவிடும். தனி வேப்பம் புண்ணாக்கு கசப்பு, பெரும்பாலும் வாய் வைக்காது. போடுவதானால் அளவாக மண்ணோடு கலந்து போடுங்கள்.

வடமராட்சி
பிப்ரவரி 3, இரவு 8.20

அப்பாடா. எங்கட பக்கம் புண்ணாக்கை விட வெங்காயம்தான் பயம். செம்மண் தோட்டம் முழுக்கச் சின்ன வெங்காயம். குட்டியள் பிடுங்கி விளையாடுறதைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு நிப்பம், ஆனா வெங்காயமும் உள்ளியும் (பூண்டு) நாயின்ர ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும் எண்டு பிறகுதான் தெரிய வந்தது. நீங்களும் பாத்தி ஓரமா வெங்காயம் வைக்கிற ஆளெண்டால் அதைத் தள்ளி வையுங்கோ.

வேலி அடைக்கேக்க ஒரு விசயம். எங்கட ஊரிலை கிடுகு வேலி, பனைமட்டை வேலி எது அடைச்சாலும் நாய் ஒரு பொட்டு (ஓட்டை) போட்டுடும். அம்மம்மா என்ன செய்வா தெரியுமோ? அது போட்ட பொட்டை அடைக்கவே மாட்டா. "இதை அடைச்சால் இன்னொண்டு போடும், இது இருக்கட்டும்" எண்டுவா. அது போற வழியை விட்டிட்டுத்தான் பாத்தி வெட்டுவா.

கரிசல்காட்டான்
பிப்ரவரி 4, காலை 7.30

அம்மம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. குட்டி தினமும் எந்தத் தடத்தில் ஓடுகிறதோ அது அதன் ரோடு. ரோட்டின் குறுக்கே பாத்தி போட்டால் பாத்தியின் மேலேதான் போகும். வம்பன் வாசலிலிருந்து பின்சுவர் வரை எப்படிப் போகிறான் என்று ஒரு வாரம் பாருங்கள், அதை விட்டுவிட்டு மீதியில் பாத்தி எடுங்கள்.

ஈரோட்டு_மஞ்சள்
பிப்ரவரி 4, காலை 9.00

மிளகாய்த்தூள் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் வேலி இல்லாமல் ஆகாது என்பதில் மாற்றமில்லை. ரோடு விடுகிறதெல்லாம் வயசான நாய்க்குச் சரி. நாலு மாதக் குட்டிக்குப் பல் ஊறுகிற வயசு, கண்ணில் பட்டதைக் கடிக்கும். நாலடி உயரத்துக்குக் கம்பி வலை அடிங்க, பச்சை நிழல்வலை வேண்டாம், ஒரே கடியில் கிழிந்துவிடும்.

கரிசல்காட்டான்
பிப்ரவரி 4, காலை 9.25

நாலடியை ஆறு மாதத்தில் நின்ற இடத்திலிருந்தே தாண்டும் தம்பி. சிப்பிப்பாறையை உயரத்தால் தடுக்க முடியாது. அதை விட்டுத் தள்ளுங்கள், இப்போதைய ஆபத்து கீழேதான். வலையின் அடிப்பகுதியை ஒரு அடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் படுக்கவைத்து மேலே நாலு செங்கல் வையுங்கள். நாய் வேலி ஓரத்தில் நின்றுதான் தோண்டும், வலை காலில் தட்டினால் விட்டுவிடும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது.

வேலூர்_முள்ளு
பிப்ரவரி 4, மதியம் 12.10

வலை வாங்குகிற காசில் இலவம்பாடிக் கத்தரி நாற்று வாங்கி ஓரவரிசையில் நடுங்கள். இலை, தண்டு, காம்பு எல்லாம் முள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். ஒரு தடவை மூக்கை நீட்டினால் மறு தடவை மரியாதையாகத் தள்ளி நிற்கும். மிளகாய்த்தூள் மாதிரிக் கண்ணைக் கெடுக்காது. காயும் கிடைக்கும், எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதை அடிக்க வேறு காய் கிடையாது.

(எங்கள் ஊர்க் காய் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான்.)

மருந்துப்பெட்டி
பிப்ரவரி 4, மாலை 5.50

முள்ளுக் கத்தரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் செடி வளரும் வரை வலை வேண்டும், இல்லாவிட்டால் நாற்றிலேயே பிடுங்கிவிடுவான். இலையைத் தின்னாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தக்காளி, கத்தரி இரண்டிலும் இலையும் பச்சைக் காயும் நாய்க்கு ஆகாது.

இந்த இழையை வேறு யாராவது படிப்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாய்க் கழிவைக் காய்கறி உரக்குழியில் போடாதீர்கள். மாட்டுச்சாணம் வேறு, இது வேறு. அதில் இருக்கும் உருளைப்புழு முட்டை மண்ணில் மாசக்கணக்கில் சாகாது, கீரையைச் சரியாகக் கழுவாமல் தின்றால் நமக்கே வரும், பிள்ளைகளுக்கு முக்கியமாக. கீரைப் பாத்தியில் மட்டும் குட்டி காலைத் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நத்தைக்குப் போடும் குருணை மருந்து, எலி மருந்து இரண்டும் நாய் உள்ள வீட்டுக்கு வரவே கூடாது.

ஸ்கார்பரோ_தோட்டம்
பிப்ரவரி 5, காலை 5.40

உங்களுக்குத் தைப்பட்டம், எங்களுக்கு வெளியே பனி. இங்கே கனடாவில் மே 24 விடுமுறை தாண்டாமல் கத்தரி, மிளகாய் நாற்றை வெளியே வைக்கப் பயம். மார்ச்சில் ஜன்னலோரம் நாற்று விடுவேன். போன வருஷம் எங்கள் குட்டி அந்தத் தட்டை அப்படியே சோபாவுக்குக் கொண்டுபோய்விட்டது. இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செடியடி மண்ணை மூடும் மூடாக்குக்கு கோகோ ஓடு விற்கிறார்கள், சாக்லேட் வாசம். நாய்க்குச் சாக்லேட் எப்படியோ அப்படியே அதுவும் விஷம். வாங்காதீர்கள்.

பாத்திக்காரன்
பிப்ரவரி 5, காலை 8.15

தோண்டாதே என்று சொல்வதைவிட, இங்கே தோண்டு என்று ஒரு இடம் கொடுப்பது சுலபம் அம்மா. வேப்பமர நிழலில் நாலுக்கு நாலடி, ஓரத்துக்குச் செங்கல், உள்ளே செம்மண்ணைப் பொலபொலவென்று போடுங்கள். மதியம் தண்ணீர் தெளித்து வையுங்கள். மாசி பிறந்துவிட்டால் வெயில் ஏறும், நாய் பாதி நேரம் தோண்டுவதே ஈரமண்ணில் வயிறு படப் படுக்கத்தான். முதல் ஒரு வாரம் நீங்களே அவனைக் கூட்டிப் போய், தின்கிற பொருள் ஏதாவது புதைத்து எடுக்கவிடுங்கள். காரட், பூசணித் துண்டு போதும். தேங்காய்மட்டை மட்டும் வேண்டாம், நார் குடலில் சிக்கும்.

சுரைக்கொடி
பிப்ரவரி 9, மாலை 6.30

எல்லாம் செய்தாச்சு. வெண்டைப் பாத்தி மண் மாற்றிப் புதிதாக விதை ஊன்றினேன். வம்பனை அந்த நேரம் முன்வாசலில் மகனோடு விளையாட அனுப்பிவிட்டேன், வேலை கற்றுக்கொள்ளாதபடி. வலைக்கும் குச்சிக்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். பின்சுவர் வரை அவன் ரோட்டை விட்டாச்சு, அதற்காகக் கீரைப் பாத்தி கோணலாகிவிட்டது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நாய்க்கு நாலுவழிச் சாலை, நமக்கு ஒற்றையடிப் பாதையா" என்கிறார்.

குழி எடுத்துப் பூசணித் துண்டு புதைத்தேன். முதல் நாள் என்னையே பார்த்தான். நான் மண்டியிட்டுக் கையால் தோண்டிக் காட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

சுரைக்கொடி
மார்ச் 8, காலை 7.45

ஒரு மாத நிலவரம். வெண்டை முழங்கால் உயரம். கீரை முதல் அறுப்பு முடிந்து கடைந்து சாப்பிட்டாச்சு. வலைக்குள் இரண்டு தடவை போயிருக்கிறான், இரண்டும் நான் கதவைத் திறந்துவைத்த குற்றம். மிளகாய்ச் செடிக்கு அடியில் அரிசி மாதிரி ஒன்று கிடந்தது, எடுத்துப் பார்த்தால் அவன் பால்பல்.

இலவம்பாடிக் கத்தரி பிடித்துக்கொண்டது. வம்பன் ஒரே தடவை மூக்கை நீட்டினான். அவனைவிட அது என் விரலையும் வீட்டுக்காரர் வேட்டியையும்தான் அதிகம் குத்தியிருக்கிறது, வேலூர் அண்ணா.

எதிர்பாராத லாபம் ஒன்று. இந்தப் பக்கம் மயில் தொல்லை அதிகம், முளை விடவிடக் கொத்திவிடும். பக்கத்துத் தோட்டத்தில் கொத்தவரை முழுக்கப் போச்சு. எங்கள் சுவரில் வந்து உட்கார்ந்ததோடு சரி, இறங்கவில்லை. கீழே ஒருத்தன் அண்ணாந்து பார்த்தபடி வாலை ஆட்டிக்கொண்டிருந்தான், விளையாட ஆள் வந்தது என்று.

மொட்டைமாடி_ராசா
மார்ச் 8, காலை 8.30

மயிலுக்கு வம்பன் எவ்வளவோ தேவலை. சம்பளம் போட்டுவிடுங்கள் அக்கா.

சுரைக்கொடி
மார்ச் 29, காலை 7.20

இன்று முதல் பெரிய பறிப்பு. முறத்தில் ஒன்றேகால் கிலோ வெண்டை. எடை போடத் தராசு எடுத்துவரத் திரும்பினேன், ஒன்று குறைந்திருந்தது. வேப்பமரத்தடியில் இரண்டு முன்காலுக்கு நடுவே பிடித்துக் காம்பை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தின்றான்.

இப்போது ஒரு சந்தேகம். அவன் குழியின் ஓரத்தில் பூசணி முளைத்திருக்கிறது. நான் புதைத்த துண்டில் விதை இருந்திருக்கும் போல. நாலு இலை விட்டுவிட்டது. தினமும் அந்தக் குழியில்தான் தோண்டுகிறான், புரள்கிறான், ஆனால் அந்தச் செடியை மட்டும் சுற்றிப் போகிறான். காக்க ஒரு வலை கட்டவா?

பாத்திக்காரன்
மார்ச் 29, காலை 7.50

கட்டாதீர்கள் அம்மா. கட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோண்டுவான்.